பச்சையே இல்லாத பூ: மண்ணுக்கடியில் ஓர் எட்டு!

 மலை நமக்குப் புதிதல்ல. ஏலகிரியும் ஜவ்வாது மலையும் கூப்பிடு தூரம்தான். ஆனால் மலைப்புல்லுக்கு அடியில் நடக்கும் கூத்தைப் பார்த்திருக்கிறீர்களா? வாங்க, கொஞ்சம் குனியுங்கள்!

கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலும் மேற்குத் தொடர்ச்சி மலைகளிலும் மழை பிடித்ததும் புல் தூர்களுக்கு நடுவே தலைகாட்டும் ஒரு செடி, ஏஜினீஷியா இண்டிகா. பச்சை நிறம் மருந்துக்கும் கிடையாது. மண்ணிலிருந்து நேராக ஓர் ஒல்லிக் காம்பு, சுமார் ஒரு சாண். அதன் நுனியில் தலை குனிந்த ஒற்றைப் பூ. புல்லிவட்டம் ஒரு பக்கம் மட்டும் பிளந்திருக்கும். வெளிறிய மஞ்சளில் செங்கோடுகள். அந்தப் பிளவு வழியே ஊதாக் குழலாக இதழ் நீளும். குழலுக்குள் பார்த்தால் சதைப்பற்றான மஞ்சள் சூல்முடி, தொண்டையை அடைத்துக்கொண்டு!

இனி அடித்தளத்துக்கு இறங்குவோம். விதை வெறும் தூசி; சேமித்த சோறு ஏறக்குறைய இல்லை. அதனால் அவசரப்படாது. புல் வேரிலிருந்து கசியும் வேதிப்பொருள் பட்ட பிறகுதான் முளைக்கும். முளைத்ததும் மயிரிழை போன்ற நீட்சிகளால் வேரைப் பற்றி, உள்ளே துளைத்து, புல்லின் நாளங்களோடு தன்னை இணைத்துக்கொள்ளும். மேலே இலை வெயிலில் சமைக்கிறது, கீழே இது சாப்பிடுகிறது. வெயிலில் சமைக்கத் தெரியாத செடிக்கும் கடைசியில் சோறு வெயிலிலிருந்துதான் வருகிறது! எனக்கு இதில் அலுக்காத வியப்பு.

டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்து, ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹார்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ நூல் ஏஜினீஷியாவைப் படத்தோடு பதிவு செய்தது. 1753-ல் தாவரவியலாளர் லின்னேயஸ் இன்றைய பெயரைச் சூட்டினார்.

ஒட்டி வாழ்வதில் ஏஜினீஷியாவைவிட ஒரு படி மேலே போனது, நீலகிரி, ஆனைமலைச் சோலைகளில் மர வேர்களைப் பிடித்து வளரும் பாலனோஃபோரா. பார்த்தால் காளான் என்றே நினைப்பீர்கள், பூக்கும் தாவரம்தான். பெண் பூக்கள் உலகின் மிகச் சிறிய பூக்களில் சேர்த்தி. பச்சைச் செடிகளின் இலையில் சமையல் நடக்கும் பசுங்கணிகத்தில் சுமார் ஒன்றரை லட்சம் மரபெழுத்துகள் இருக்கும். பாலனோஃபோராவின் இரு இனங்களிலோ வெறும் பதினைந்தாயிரத்துச் சொச்சம்! மிஞ்சியதிலும், பெரும்பாலான உயிர்கள் ‘நிறுத்து’ என்று படிக்கும் ஒரு குறியை இவை டிரிப்டோபான் என்ற அமினோ அமிலமாக மாற்றிப் படிக்கின்றன. 2019-ல் வெளியான கண்டுபிடிப்பு இது.

வயலுக்குள் வந்தால் இந்த வாழ்க்கை வேறு கதை. புகையிலை, தக்காளிப் பாத்திகளில் முளைக்கும் புகையிலைக் காளான் என்ற செடி ஏஜினீஷியாவின் குடும்பம்தான். விவசாயிக்கு அது வெறும் நஷ்டம்.

காட்டில் அப்படியில்லை. புல் இருந்தால்தான் இந்தப் பூ. புல்வெளி அழிந்தால் பூவும் போகும். மழைக்காலத்தில் ஜவ்வாது மலைக்கோ ஏலகிரிக்கோ ஏறினால் காட்சிமுனையில் மட்டும் நிற்காதீர்கள், புல் தூரையும் பாருங்கள். கண்ணில் பட்டால் படம் எடுங்கள். பிடுங்கி வந்து தொட்டியில் வைத்தால் பிழைக்காது.