ஒரு மிதியில் சேற்றைத் தாண்டலாம்

சேற்று வயலில் டிராக்டரின் ஒரு சக்கரம் மட்டும் சேற்றை வாரியடித்துச் சுழல, மறு சக்கரம் அசையாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? ஏன் அப்படி?

வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். அதற்காகப் பின் அச்சின் நடுவே இருக்கும் பல்சக்கரத் தொகுதிதான் டிஃபரன்ஷியல். ரோட்டில் அது நல்ல துணை. சேற்றிலோ, வழுக்குகிற சக்கரம் வீணாகச் சுற்றும். பிடிமானம் உள்ள சக்கரத்துக்குப் போதிய விசை கிடைக்காது.

இதைச் சமாளிக்கத்தான் பல வயல் டிராக்டர்களில் ஓட்டுபவரின் காலருகே சின்னதாக ஒரு மிதி இருக்கும். அதுதான் டிஃபரன்ஷியல் லாக். அதை அழுத்தினால் இரண்டு பின்சக்கரங்களும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு ஒரே வேகத்தில் சுற்றும். பிடிமானம் உள்ள சக்கரம் வண்டியை வெளியே தள்ளிவிடும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சக்கரம் வேகமாகச் சுழலும்போது லாக் போடக் கூடாது. போட்டபடி வண்டியைத் திருப்பவும் கூடாது. சேற்றைத் தாண்டியதும் லாக்கை எடுத்துவிடுங்கள்!