இல்லாத நிலத்துக்கு ஒரு பாண்டு

ஏமாந்தவர் கதை: 8

சென்ற வாரம் பெருந்துறை ஈமு கோழிப் பண்ணைகளைப் பார்த்தோம். படித்தவர்களில் பலர் "பேராசைப்பட்டார்கள், அனுபவித்தார்கள்" என்று சொல்லியிருப்பார்கள். மோசம் போனவர்களைப் பற்றி நம் ஊரில் முதலில் வருகிற தீர்ப்பு அதுதான். இந்த வாரக் கதையில் அந்தத் தீர்ப்பு செல்லாது. இதில் பணம் கட்டியவர்கள் யாரும் கோடீஸ்வரர் ஆக ஆசைப்படவில்லை. மகள் கல்யாணத்துக்கு நாலு பவுன், மகனுக்கு ஒரு வருஷக் கல்லூரிக் கட்டணம், அவ்வளவுதான் அவர்கள் போட்ட கணக்கு.

மதுரையிலிருந்து கொல்லம் போகிற நெடுஞ்சாலையில் சிவகிரி தாண்டி, புளியங்குடிக்கு முன்னால் இருக்கிறது வாசுதேவநல்லூர். மேற்கே மலை. மலையடிவாரத்தில் நெல்லும் கரும்பும் எலுமிச்சையும். முன்பு திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 2019 நவம்பரிலிருந்து தென்காசி மாவட்டம். வெள்ளாமை வீட்டுக்கு வந்தால் மொத்தமாகப் பணம் வரும், அப்புறம் மாதக்கணக்கில் வராது. கூலி வேலைக்குப் போகிற வீடுகளிலும் பீடி சுற்றுகிற வீடுகளிலும் வாரக் கூலியில்தான் அடுப்பு எரிகிறது. அந்தக் கூலியிலும் ஏதோ மிச்சம் பிடிப்பார்கள். ஏலச்சீட்டு, தீபாவளிச் சீட்டு, ஒரு கிராம் தங்கம், ஓர் ஆட்டுக்குட்டி என்று அது போய்ச் சேரும். வங்கி இல்லாமல் இல்லை. வங்கிக்குப் போனால் அரை நாள் கூலி போகும், படிவத்தை யாராவது நிரப்பித் தர வேண்டும், கவுண்டரில் இருப்பவர் நிமிர்ந்து பார்க்க வேண்டும்.

ஏஜெண்டோ சாயங்காலம் வீட்டுத் திண்ணைக்கே வந்து உட்காருவார். புது ஆள் அல்ல. எல்.ஐ.சி. பாலிசி போட்டுக் கொடுத்தவர், தபால் அலுவலக ஆர்.டி.க்கு மாதாமாதம் பணம் வாங்கிப் போனவர், பக்கத்துத் தெரு வாத்தியார், பல நேரம் சொந்தக்காரர். "மதினி, மாசம் முந்நூறு ரூவா. பிள்ளைக்கு ஆவும். நானும் போட்டிருக்கேன், எங்க அம்மை பேர்லயும் போட்டிருக்கேன்" என்பார். அது பொய்யல்ல. அவர் நிஜமாகவே போட்டிருந்தார். ரசீது கொடுப்பார், பதினைந்து இருபது நாளில் ஆங்கிலத்தில் அச்சடித்த சான்றிதழும் வரும். ஊர் அதைப் 'பாண்டு' என்றது. கம்பெனியின் பெயர் பி.ஏ.சி.எல். பழைய பெயரில் 'பேர்ல்ஸ்' என்றால் தென்மாவட்டங்களில் தெரியாத தெரு குறைவு.

அந்தப் பாண்டை ஒருமுறை கையில் எடுத்து நிதானமாகப் பார்ப்போம். மேலே பதிவு எண், கட்டியவர் பெயர், தொகை, காலம். அதற்குக் கீழே நிலத்தின் அளவு, இத்தனை சதுர கஜம். அதையடுத்து காலம் முடியும்போது அந்த நிலத்துக்கு 'எதிர்பார்க்கப்படும் மதிப்பு'. வாங்கியவர்கள் பார்த்தது அந்தக் கடைசித் தொகையை மட்டுந்தான். முதிர்வுத் தொகை அதுதான் என்று ஏஜெண்ட் விரல் வைத்துக் காட்டியிருப்பார். நிலம் எந்த ஊரில்? பணம் வாங்கும்போது அது சொல்லப்படவில்லை. சர்வே நம்பர் இல்லை. நான்கெல்லை இல்லை.

இதே ஊரில் ஐந்து சென்ட் வாங்குகிறவர் பட்டா கேட்பார், வில்லங்கம் போட்டுப் பார்ப்பார், வரப்பில் நின்று பக்கத்து நிலத்துக்காரரிடம் விசாரிப்பார், மூலப் பத்திரத்தை இரண்டு பேரிடம் காட்டி யோசனை கேட்பார். அவ்வளவு விவரமானவர்கள் சர்வே நம்பர் இல்லாத நிலத்துக்கு எப்படிப் பணம் கட்டினார்கள் என்று நகரத்தில் இருப்பவர்கள் கேட்கிறார்கள். பதில் எளிது. நிலம் வாங்குகிறோம் என்றே அவர்கள் நினைக்கவில்லை. திண்ணையில் நிலம் என்ற பேச்சே எழவில்லை. திண்ணையில் அது சேமிப்பு. டெல்லியில் வக்கீல்கள் வழியாகப் பேசும்போது அது நில விற்பனை. இந்த மோசடி இத்தனை காலம் உயிரோடு இருந்தது இந்த இரட்டை நாக்கால்தான் என்பது என் உறுதியான முடிவு.

கம்பெனி 1996-ல் ராஜஸ்தானில் வேறொரு பெயரில் பதிவானது. பலரிடம் பணம் திரட்டி மொத்தமாக முதலீடு செய்யும் திட்டங்களுக்கு 1999-ல் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி விதிமுறை கொண்டுவந்தது; இந்தக் கம்பெனியும் அதற்குள் வருகிறது என்றது. நாங்கள் நிலம் வாங்கி விற்பவர்கள், எங்களுக்கும் செபிக்கும் சம்பந்தமில்லை என்று கம்பெனி நீதிமன்றம் போனது. 2003 நவம்பரில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. செபி மேல்முறையீடு செய்தது. உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, விசாரித்து முடிவெடுங்கள் என்று செபிக்கு வழிவிட்டது 2013 பிப்ரவரியில். நடுவில் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. அந்த ஒன்பது ஆண்டும் ஏஜெண்டுகள் திண்ணை திண்ணையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். "கோர்ட்டே எங்க பக்கம் தீர்ப்புச் சொல்லியிருக்கு" என்பதும் ஒரு விற்பனைப் பேச்சானது. வழக்கு நடக்கும் காலத்தில் புதிதாகப் பணம் வாங்காதே என்று ஒரே ஒரு தடை விதிக்கப்பட்டிருந்தால் எத்தனை குடும்பங்கள் தப்பியிருக்கும் என்று நினைக்கும்போது மனம் ஆறவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தபால் அலுவலகத்தின் கிசான் விகாஸ் பத்திரம் கிராமத்தில் நல்ல பெயர் வாங்கியது. போட்ட பணம் இரட்டிப்பாகும், அரசாங்க உத்தரவாதம். 2011 இறுதியில் மத்திய அரசு அதை நிறுத்தியது. 2014-ல்தான் மீண்டும் வந்தது. சிறுசேமிப்பு முகவர்களின் கமிஷனையும் அதே சமயத்தில் ஒரு சதவீதத்திலிருந்து அரை சதவீதமாகக் குறைத்தது. அரசாங்கக் காரணங்கள் எதுவாகவும் இருக்கட்டும். பாதுகாப்பான சேமிப்பை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தவருக்குக் கூலி குறைந்தது. ஆபத்தான சேமிப்பைக் கொண்டுவந்தவருக்குக் கமிஷன் கொட்டியது, அவருக்கு மேலே இருந்தவருக்கும் அதில் பங்கு போனது. ஏஜெண்டுகள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

2014 ஆகஸ்ட் 22-ல் செபி ஆணை பிறப்பித்தது. திட்டங்களை இழுத்து மூடி, வாங்கிய பணத்தை மூன்று மாதத்தில் திருப்பிக் கொடு என்றது. தொகை 49,100 கோடி ரூபாய். கட்டியவர்கள் ஏறத்தாழ 5 கோடியே 85 லட்சம் பேர். வகுத்துப் பாருங்கள், தலைக்குச் சராசரி 8,400 ரூபாய். தமிழ்நாட்டின் மக்கள் தொகையோடு ஒப்பிட்டால் முக்கால் பங்கு அளவுக்கு மனிதர்கள், ஆளுக்கு எட்டாயிரத்துச் சொச்சம். பேராசை என்று தீர்ப்புச் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

அந்தப் பணம் எங்கெங்கோ போயிருக்கிறது. கம்பெனியின் தலைவர் நிர்மல் சிங் பாங்கு பஞ்சாபைச் சேர்ந்தவர். அவருடைய குழுமம் ஒரு செய்தித் தொலைக்காட்சி நடத்தியது, பஞ்சாபில் கபடி உலகக் கோப்பைக்குப் புரவலராக நின்றது, ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் கடற்கரையில் ஷெரட்டன் மிராஜ் என்ற சொகுசு விடுதியை வாங்கியது. 2016 ஜனவரியில் சி.பி.ஐ. அவரைக் கைது செய்தது. 2024 ஆகஸ்டில் அவர் இறந்தும் போனார். வாசுதேவநல்லூர்ப் பக்கம் பாண்டு வைத்திருந்தவர்களில் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருந்தவர்கள் மிகக் குறைவு. அவர்களுக்குத் தெரிந்த முகம் ஏஜெண்டின் முகம் ஒன்றுதான்.

பணம் வராமல் போனபோது கேள்வியும் அந்த முகத்திடந்தான் போனது. முதலில் "அடுத்த மாசம் வந்துரும்" என்றார்கள். பிறகு "கேஸ் நடக்கு" என்றார்கள். அப்புறம் வீட்டைப் பூட்டிவிட்டுத் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போனார்கள். போகாமல் ஊரிலேயே இருந்து, தன் நகையை விற்று இரண்டு பேருக்காவது அசலைக் கொடுத்தவர்களும் உண்டு. இதில் அதிகம் பேசப்படாத இழப்பு உறவு. சித்தி வீட்டுக் கல்யாணத்துக்கு அக்காள் போகவில்லை. பெண் கொடுத்துப் பெண் எடுத்த இரண்டு குடும்பங்கள் கோயில் கொடையில் எதிரெதிரே நின்றும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. செபியின் ஆணையில் இதற்கெல்லாம் கணக்கு இல்லை. ஏஜெண்டும் பெரும்பாலும் ஏமாந்தவர்தான் என்று நான் சொன்னால் பணத்தைத் தொலைத்தவர்களுக்குக் கோபம் வரும், அந்தக் கோபம் நியாயமானது. ஆனாலும் சொல்கிறேன். தன் தாயின் பெயரில் பணம் கட்டியவர், அது மூழ்கும் என்று தெரிந்து கட்டியிருக்க மாட்டார்.

2016 பிப்ரவரி 2-ல் உச்ச நீதிமன்றம் முன்னாள் தலைமை நீதிபதி ஆர்.எம். லோதா தலைமையில் குழு அமைத்தது. கம்பெனியின் நிலங்களை விற்று மக்களுக்குப் பணம் கொடுப்பது அதன் வேலை. 40,000-க்கும் மேற்பட்ட சொத்து ஆவணங்கள் குழுவின் கைக்கு வந்தன. எங்கோ ஒரு மாநிலத்தில், யார் யாரோ உரிமை கொண்டாடும் நிலத்தை ஏலத்தில் விற்பது லேசான காரியம் அல்ல. குழுவின் சிரமம் புரிகிறது. எனக்குப் புரியாதது பணத்தைத் திருப்பிக் கேட்பதற்கு வைத்த வழி.

2019 பிப்ரவரி 8 முதல் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். பிறகு ஜூலை 31 வரை நீட்டித்தார்கள். ஆன்லைனில் மட்டும். பான் கார்டு கட்டாயம். வருமான வரி என்ற சொல்லைக்கூடத் தன் வாழ்க்கையில் பயன்படுத்தத் தேவைப்படாத, பீடி சுற்றுகிற ஒரு பெண், தான் கட்டிய ஆறாயிரம் ரூபாயைத் திரும்பக் கேட்பதற்குப் பான் கார்டு எடுக்க வேண்டும். கம்பெனி அவரிடம் பணம் வாங்கும்போது ரசீது ஒன்று கொடுத்ததோடு சரி. திருப்பிக் கொடுக்கும்போது அவரிடம் கேட்டவை பான் கார்டு, பாண்டின் நகல், ரசீது, புகைப்படம், பெயர் அச்சிட்ட காசோலை அல்லது வங்கிக் கடிதம். சரி, அலைந்து திரிந்து எல்லாம் சேர்த்தாகிவிட்டது. அடுத்த தடை பெயர்.

எங்கள் பக்கத்துப் பெயர்களை யோசித்துப் பாருங்கள். முப்பிடாதி. சங்கரகோமதி. இவற்றை ஆங்கிலத்தில் ஏஜெண்ட் ஒருவிதமாக எழுதுவார், வங்கி வேறுவிதமாக, ஆதார் எடுத்தவர் இன்னொரு விதமாக. ஒரு பி-யா இரண்டு பி-யா, டி-க்குப் பின்னால் ஹெச் உண்டா என்பதெல்லாம் அவரவர் கைவாக்கு. இனிஷியல் முன்னால் வருமா, பின்னால் வருமா? பாண்டு எடுத்தபோது கல்யாணம் ஆகவில்லை, அப்பா இனிஷியல்; இப்போது வீட்டுக்காரர் இனிஷியல். பான் கார்டில் இனிஷியல் விரிந்து அப்பாவின் முழுப்பெயராக நிற்கும். கம்ப்யூட்டருக்கு இவர்கள் மூவரும் மூன்று பேர். விண்ணப்பத்தில் குறை என்று பதில் வந்தது, ஆங்கிலத்தில். குறையைத் திருத்தப் பின்னால் அவகாசம் கொடுத்தார்கள். அது நல்ல காரியம். ஆனால் அவகாசம் இருக்கிறது என்ற செய்தி திண்ணைக்கு வரவில்லை. பணம் வாங்க வீடு தேடி வந்தவர்கள், பணம் திரும்பக் கிடைக்கிறது என்று சொல்ல யாரும் வீடு தேடி வரவில்லை. கிராம நிர்வாக அலுவலகச் சுவரில் தமிழில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தால் போதும். பஞ்சாயத்துக்கு ஒரு நாள் முகாம் போட்டிருந்தால் இன்னும் நல்லது.

சிறு தொகைக்காரர்களுக்கு முதலில் என்று படிப்படியாகக் கொடுத்தார்கள். 2,500 ரூபாயில் தொடங்கி, 2024 வாக்கில் 19,000 ரூபாய் வரையிலான கோரிக்கைகளுக்கு வந்தார்கள். அதுவரை பணம் பெற்றவர்கள் சுமார் 20 லட்சம் பேர், தொகை 1,000 கோடிக்குச் சற்று மேல். 5 கோடியே 85 லட்சம் பேரில் 20 லட்சம். 49,100 கோடியில் ஆயிரம் கோடி.

நிலத்தைக் காட்டிப் பணம் வாங்கும் வேலை பி.ஏ.சி.எல்.லோடு முடிந்துவிடவும் இல்லை. 2023-ல் மதுரையில் நியோமேக்ஸ் நிறுவனத்தின் மீது பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் பதிந்தது. தென்மாவட்டங்களிலிருந்து முதலீட்டாளர்கள் வரிசையாகப் புகார் கொடுத்தார்கள். அந்த வழக்கு நீதிமன்றத்தின் முன் இருக்கிறது, அதைப் பற்றி நான் முடிவு சொல்லக் கூடாது. நம் கையில் சட்டம் இல்லாமலும் இல்லை. தொண்ணூறுகளில் பைனான்ஸ் கம்பெனிகள் கவிழ்ந்த அனுபவத்தில் 1997-ல் தமிழ்நாடு கொண்டுவந்த முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது; அது செல்லும் என்று 2011-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அனுமதி பெறாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்ய 2019-ல் மத்தியச் சட்டமும் வந்தது. இந்தச் சட்டங்கள் பெரும்பாலும் பணம் போன பிறகு வேலை செய்கின்றன. பணம் போகும் முன் கேட்க வேண்டியதை நாம்தான் கேட்க வேண்டும். நிலம் என்றால் சர்வே நம்பர் கேளுங்கள். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். டெபாசிட் என்றால் ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்திருக்கிறதா என்று அதன் சச்சேத் தளத்தில் பாருங்கள். இரண்டுக்கும் பதில் இல்லையென்றால், வந்திருப்பவர் உடன்பிறந்தவராகவே இருந்தாலும் காசு கொடுக்காதீர்கள். காப்பி கொடுத்து அனுப்பி வையுங்கள்.

கடைசியாக, இன்னமும் பெட்டிக்குள் பி.ஏ.சி.எல். பாண்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "பணம் வாங்கித் தாரோம், ஒரிஜினலைக் கொடுங்க, ஐந்நூறு ரூபாய் செலவாகும்" என்று யார் வந்தாலும் கொடுக்காதீர்கள். குழு குறுஞ்செய்தி அனுப்பிக் கேட்டால் ஒழிய அசல் சான்றிதழை யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம் என்று செபியே அறிவித்திருக்கிறது. ரசீதுகளையும் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். 2019-ல் விண்ணப்பித்தவர் என்றால், படித்த பிள்ளை ஒன்றை அருகில் வைத்துக்கொண்டு உங்கள் விண்ணப்பத்தின் நிலையை செபி இணையதளத்தின் வழியாகப் பாருங்கள். அப்போது கொடுத்த கைபேசி எண்ணை மாற்றிவிடாதீர்கள். அழைப்பு வந்தால் அந்த எண்ணுக்குத்தான் வரும்.

(தொடரும்)