மலை இரயிலின் மரப்பெட்டிகள்



மேட்டுப்பாளையத்தில் காலையில் புறப்பட்டு, கல்லாறு, குன்னூர் வழியாக உதகமண்டலம் சென்று சேரும் நீலவண்ணச் சிறு இரயிலை உங்களிற் சிலர் நேரிலும், மற்றவர் திரைப்படத்திலுமாவது கண்டிருப்பீர்கள். அதைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் எஞ்சினையே பேசுவர். புகையும் ஊதலும் உடைய பொருள் கருத்தைக் கவர்வது இயல்பே. ஆயினும் எஞ்சினுக்கு மேலே வரிசையாய்ச் செல்லும் பழைய மரப்பெட்டிகளைப் புதுப்பித்து ஓடவைப்பது, எஞ்சினைப் பழுதுபார்ப்பதைவிட எளிய வேலை அன்று. அப்பெட்டிகளைப் பற்றியே இன்று சொல்ல விரும்புகிறேன்.

'எஞ்சினுக்கு மேலே' என்றேன் அல்லவா? கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை எஞ்சின் முன்னே நின்று இழுப்பதில்லை; கீழ்ப்புறம் நின்று பெட்டிகளை மேல்நோக்கித் தள்ளுகிறது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரம். உதகை நிலையம் 2,203 மீட்டர். இடைத் தொலைவோ 46 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. செங்குத்தான பகுதியில் ஏறத்தாழ 12 அடி சென்றால் 1 அடி ஏறவேண்டும். வழவழப்பான சக்கரம் வழவழப்பான தண்டவாளத்தின்மீது இவ்வேற்றத்தில் சறுக்கிவிடும். ஆகவே, ரோமன் ஆப்ட் என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1882-இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, தண்டவாளங்களின் நடுவே பற்கள் வெட்டிய இரண்டு இரும்புப் பட்டைகளைப் பதித்தார்கள். ஒரு பட்டையின் பல்லுக்கு நேராக மற்றதன் பள்ளம் இருக்கும். ஆதலால் எஞ்சினின் பற்சக்கரம் எக்கணமும் பிடி விடுவதில்லை. இப்பாதை 1899-இல் குன்னூர் வரையும், 1908-இல் உதகை வரையும் திறக்கப்பட்டது.

இப்பாதையின் பெட்டி, பிரயாணிகள் அமரும் அறை மட்டும் அன்று. பெட்டியின் முகப்பில் திண்ணை போன்ற சிறு மேடை உண்டு. அங்கே ஒரு பணியாளர் நின்று கைப்பிரேக்கை இயக்குகிறார். சக்கரத்தைப் பிடிக்கும் பிரேக் ஒன்று. பற்பட்டையோடு பொருந்திய பற்சக்கரத்தைப் பிடிக்கும் பிரேக் மற்றொன்று. பின்னாலிருந்து தள்ளும் ஓட்டுநருக்கு முன்னுள்ள பாதை தெரியாது. முதற்பெட்டியில் நிற்பவர் காட்டும் கொடியே அவருக்குக் கண். இத்தகைய பெட்டியின் சட்டம் ஆட்டம் கண்டால் கெடுவது அழகு மட்டும் அல்ல.

சரி, மரம் ஏன் கெடுகிறது? மழையினால் என்று உடனே சொல்லிவிடுவீர்கள். அது பாதி விடைதான். ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் காற்றின் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பௌதிக நூற் கணக்கு. அவ்வாறாயின் ஏறத்தாழ ஐந்து மணி நேரப் பயணத்தில் பெட்டி பன்னிரண்டு டிகிரி குளிர்ச்சியை அடைகிறது. கீழே உலர்ந்த வெயில், மேலே மூடுபனி. மாலையில் மறுபடியும் வெயிலுக்கே இறங்குகிறது. மரம் ஈரத்தை உண்டு பருக்கும், வறண்டால் சுருங்கும். அதிலும் ஒரு விந்தை உண்டு. நார் ஓடும் திசையில் நீளம் மாறுவது மிகச் சொற்பம். குறுக்கே அகலம் மாறுவதே மிகுதி. நெடுக்குக் கட்டையும் குறுக்குக் கட்டையும் கூடும் மூலையில் ஒன்று விரிய மற்றொன்று விரியாது நிற்கும். நாள்தோறும் இப்படி இழுபறி நடந்தால் பொருத்து தளரும். தளர்ந்த இடைவெளியில் நீர் புகும். தேங்கிய நீர் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்து மரத்தை உளுக்கும்.

இதை அறிந்தே பழைய தச்சர்கள் பலகையை நான்கு புறமும் ஆணி அறைந்து இறுக்கவில்லை; சட்டத்தில் காடி வெட்டி, அதனுள் பலகை சற்றே அசைய இடம் விட்டார்கள். தேக்கைத் தேர்ந்ததும் அறிவோடு தேர்ந்ததே. அதன் எண்ணெய்ப்பசை கறையானையும் ஈரத்தையும் தடுக்கும். தன்னுள் இருக்கும் இரும்பையும் அரிக்காது. ஐரோப்பியர் பெரிதும் கையாண்ட ஓக் மரத்தின் அமிலமோ ஆணியையே தின்றுவிடும்.

புதுப்பிக்கும்போது முதலில் உடலை ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத் தொகுதியினின்று பிரிக்க வேண்டும். பிறகு அடியிலுள்ள இரும்புச் சட்டத்தின் துருவைச் சுரண்டி, எஞ்சிய கனத்தை அளக்க வேண்டும். அதன்பின்னரே தச்சு வேலை. சன்னலின் கீழ்ச்சட்டம், கால்கள் ஊன்றும் அடிக்கட்டை, கூரை ஓரம் ஆகிய இம்மூன்றிலும்தான் நீர் முதலில் தங்கும். உளுத்த பகுதியை மட்டும் வெட்டி, நல்ல பகுதியைச் சாய்வாகச் சீவி, அதே சாய்வில் சீவிய புதுத் தேக்கை அதனோடு ஒட்டுகிறார்கள். முழுக்கட்டையையும் மாற்றுவது இதைவிட விரைவான வேலை, செலவும் குறையலாம். எனினும் ஒட்டுவேலையே சிறந்தது என்பேன். பழைய தச்சனின் கைவேலையில் பெரும்பகுதி அதனால் பிழைத்திருக்கும். பழைய சாயத்தைச் சுரண்டும்போது முகத்தை மூடிக்கொள்வது அவசியம். அக்காலச் சாயத்தில் ஈயம் கலப்பது வழக்கம்.

இங்கே ஒரு வினா எழுகிறது. இன்று அடிச்சட்டம், நாளை கூரை, பின்னர் பிரேக் என்று மாற்றிக்கொண்டே போனால், ஒருநாள் பழைய மரம் ஒன்றும் எஞ்சாது. அப்போதும் அது அதே பெட்டிதானா? திருவாரூர் ஆழித்தேர் 1926-இல் தீக்கிரையாயிற்று. 1930-இல் புதுத்தேர் செய்தார்கள். பிற்காலத்தில் திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் அதற்கு இரும்புச் சக்கரமும் நீரியல் பிரேக்கும் பொருத்தியது. அதை ஆழித்தேர் அன்று என்று எவரும் சொல்லவில்லை. வீதியில் ஓடும் தேருக்குப் பாதுகாப்பு முதன்மையானது. மலையில் ஓடும் பெட்டிக்கும் அவ்வாறே.

நீலகிரி இரயில்வே யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது 2005-இல். அதே ஆண்டில், மரபு இரயில்வேக்களுக்கான ஐரோப்பியக் கூட்டமைப்பு, லாத்வியா நாட்டின் ரீகா நகரில் ஒரு சாசனத்தை ஏற்றது. கட்டடங்களுக்கு 1964-இல் வெனிஸ் நகரில் வகுத்த நெறிகளை ஓடும் இரயிலுக்கு ஏற்ப அமைத்த சாசனம் அது. வெனிஸ் நெறிகளுள் ஒன்று எனக்கு மிகவும் உகந்தது: புதிதாய்ச் சேர்த்தது பழையதோடு இசைய வேண்டும், ஆயினும் அது புதியதென்று காண்போர் அறியவும் வேண்டும். அளவையும் வடிவையும் காப்பது வேறு. நேற்றுச் செய்ததை நூற்றாண்டுப் பழமை என்று விற்பது வேறு. பொன்மலைத் தொழிற்சாலை இந்நூற்றாண்டில் இப்பாதைக்குப் புதிய நீராவி எஞ்சின்களைச் செய்தளித்தது. பெரம்பூர்த் தொழிற்சாலை புதிய பெட்டிகளை அளித்தது. அவற்றைப் புதியவை என்றே பெருமையோடு சொல்லலாம். மூலப்பெட்டி ஒன்றையேனும் கைபடாமல், பழைய சாயத்தோடும் கீறலோடும், கூரையடியில் நிறுத்திவைக்க வேண்டும். அடுத்து வரும் தச்சர் அளவெடுக்க அது வேண்டும். வரைபடத்தில் காடியின் ஆழம் இருக்கும், பலகைக்கு எவ்வளவு தளர்வு விட்டான் என்பது இராது.

குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சினை மாட்டுவார்கள். அந்த இடைவேளையில் மரப்பெட்டி ஏதும் வாய்த்தால், சன்னலின் கீழ்ச்சட்டத்தை விரல் மொழியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். உறுதியான மரம் கணீரென்று ஒலிக்கும். உளுத்தது மொத்தென்று ஒலிக்கும். ஒலியைக் கேட்டுக்கொண்டு உள்ளே ஏறி அமருங்கள். உதகைக்கு இன்னும் ஒரு மணி நேரத்திற்கு மேல் இருக்கிறது.