வால் காட்டிய காற்று

வால்நட்சத்திரத்துக்கு வால் ஒன்றுதான் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் இரண்டு இருக்கும். தூசு வால் மஞ்சள் சாயலில் வளைந்து கிடக்கும். மின்னேற்றம் பெற்ற வாயுவாலான வால் நீலமாக, அளவுகோல் வைத்துக் கோடு கிழித்ததுபோல் சூரியனுக்கு எதிர்த்திசையில் நீளும். தூசு வாலைத் தள்ளுவது சூரிய ஒளியின் அழுத்தம். நீல வாலைத் தள்ளுவது எது? 1951-ல் ஜெர்மானிய வானியலாளர் லுட்விக் பியர்மன் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒளியின் அழுத்தம் அதற்குப் போதவே போதாது. சூரியனிலிருந்து எல்லாத் திசைகளிலும் துகள்கள் ஓயாமல் பாய்ந்துகொண்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

விண்கலங்களே இல்லாத காலம் அது. சூரியக் காற்று என்று இன்று நாம் சொல்லும் இந்தத் துகள் ஓட்டத்தை அளக்க மனிதருக்குக் கிடைத்த முதல் கருவி, வால்நட்சத்திரம்தான்.

அமெரிக்க இயற்பியலாளர் யூஜீன் பார்க்கர் முனைவர் பட்டம் வாங்கியதும் அதே 1951-ல்தான். 1955-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராகச் சேர்ந்தார். முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணியை இன்று ‘போஸ்ட்டாக்’ என்கிறோமே, ஏறக்குறைய அந்த நிலை. அவர் முன்னால் இரண்டு முடிவுகள் கிடந்தன. ஒன்று பியர்மனுடையது. மற்றது, சூரியனைச் சூழ்ந்த கொரோனா பூமியையும் தாண்டிப் பரவி அசையாமல் நிற்கிறது என்ற சிட்னி சாப்மனின் கணக்கு. இருவருமே பெரிய கைகள். ஆனால், இரண்டு முடிவுகளும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. பத்து லட்சம் டிகிரி வெப்பமுள்ள கொரோனா அசையாமல் நிற்கவே முடியாது, ஒலியை மிஞ்சும் வேகத்தில் வெளியேறியே தீரும் என்று பார்க்கர் நிறுவினார்.

கட்டுரையை ‘ஆஸ்ட்ரோபிசிகல் ஜர்னல்’ இதழுக்கு அனுப்பினார். மதிப்பீட்டாளர்கள் இருவரும் நிராகரித்தார்கள். நூலகத்துக்குப் போய் முதலில் படித்துவிட்டு வரட்டும் என்கிற தொனியில் ஒருவர் எழுதியிருந்ததாகப் பார்க்கர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இதழின் ஆசிரியர் நம் சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருக்கும் இந்தக் கருத்து பிடிக்கவில்லை. ஆனால், கணிதத்தில் பிழை எங்கே என்று யாராலும் காட்ட முடியவில்லை. 1958-ல் கட்டுரையை வெளியிட்டுவிட்டார். 1935-ல் வானியலாளர் எடிங்டன் பொது அவையில் தன் ஆய்வைக் கேலி செய்த காயம்தான் சந்திரசேகரை இப்படிச் செய்யவைத்தது என்று கதை கட்டலாம். எனக்கு அது தேவையாகப் படவில்லை. தனக்கு உவப்பில்லாததையும் பிழையில்லை என்பதற்காக அச்சேற்றும் ஆசிரியர்கள் எத்தனை பேர்?

நான்கே ஆண்டுகளில், 1962-ல், வெள்ளிக் கோளுக்குப் போன மரைனர் 2 வழிநெடுகச் சூரியக் காற்றை அளந்தது. பார்க்கர் பெயரில் ஒரு விண்கலம் 2018-ல் கிளம்பியபோது அதை நேரில் பார்க்க அவரும் இருந்தார், 91 வயதில்.

இந்தக் காற்று கோள்களை என்ன செய்கிறது என்பதே அடுத்த கேள்வி. பூமிக்குக் காந்தப்புலம் கவசமாக இருக்கிறது. செவ்வாய்க்கு அப்படியொரு கவசம் இல்லை. அதன் வாயு மண்டலத்திலிருந்து நொடிக்குச் சுமார் 100 கிராம் வாயுவைச் சூரியக் காற்று அரித்துப்போவதாக மேவன் விண்கலம் காட்டியது. 67பி வால்நட்சத்திரத்திலோ கதை தலைகீழ். 2015-ல் அது சூரியனை நெருங்கியபோது அதிலிருந்து கிளம்பிய வாயு அவ்வளவு தடித்துப்போனது. பக்கத்திலேயே இருந்த ரொசெட்டா விண்கலத்தின் கருவிகளில் சூரியக் காற்று மாதக்கணக்கில் தென்படவே இல்லை.

இத்தகைய தரவுகளோடு மல்லுக்கட்டுவதில் பெரும்பங்கு போஸ்ட்டாக்குகளுடையது. ரொசெட்டா 2004-ல் கிளம்பி, போய்ச் சேர்ந்தது 2014-ல். போஸ்ட்டாக் ஒப்பந்தமோ பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகள்தான். கருவியை வடிவமைத்தவர் ஒருவர், அதன் தரவைப் படிப்பவர் வேறொருவர். ஒப்பந்தம் முடிந்தால் அடுத்த ஊர், சில சமயம் அடுத்த நாடு. பத்தாண்டு பொறுமை கேட்கும் அறிவியலை இரண்டாண்டுச் சம்பளத்தில் நடத்துவது சரியான ஏற்பாடு என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்தியாவின் ஆதித்யா எல்1 விண்கலம் இப்போது பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று இதே காற்றை அளக்கிறது. அகமதாபாத் இயற்பியல் ஆய்வகமும் திருவனந்தபுரம் விண்வெளி இயற்பியல் ஆய்வகமும் செய்த கருவிகள் அதில் இருக்கின்றன. 2025 ஜனவரியில் இஸ்ரோ அதன் தரவுகளைப் பொதுவில் வெளியிடத் தொடங்கியது. நம் ஊர்க் கல்லூரிகளில் இயற்பியல் முதுகலை படிப்பவர்கள் பட்டம் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆசிரியரைப் பிடித்துக்கொண்டு அந்தத் தரவுகளை இப்போதே திறந்து பாருங்கள்.