கிணற்றடிப் பகை

வாடகை வீட்டில் வாழும் அன்பர்களே, வேலிக்கு அப்பாலிருந்து வரும் சுடுசொல் உங்களுக்கு இரட்டிப்பாய் வலிக்கும். காணிக்காரர் எதிர்த்து நிற்கலாம்; உங்களுக்கோ, வீட்டை விட்டுப் போகச் சொல்வார்களோ என்ற அச்சம். ஒரே வளவில் கிணறும் பொதுவானால் சொல்லவே வேண்டாம்.

கெரார் நாட்டில் ஈசாக்கும் காணியற்ற அந்நியரே. தந்தை விட்டுச்சென்ற கிணறுகளை அயலவர் மண்ணிட்டுத் தூர்த்தனர். அரசன் அபிமெலக்கு அவரை வெளியேறச் சொன்னான். பள்ளத்தாக்கில் தோண்டிய கிணற்றுக்கும் சண்டை, அடுத்ததற்கும் சண்டை. இரண்டையும் விட்டு விலகி, மூன்றாவதைத் தோண்டினார் (தொடக்க நூல் 26). இதைக் கோழைத்தனம் என்பீர்களோ? தோண்டுவதை அவர் நிறுத்தவேயில்லையே! விட்ட கிணறுகளுக்கு 'வாக்குவாதம்', 'பகை' எனப் பொருள்படும் பெயர்களையும் இட்டார். பட்டதை மூடி மறைக்கவில்லை.

பின்னர் அபிமெலக்கே தேடி வந்தபோது, வெறுத்து விரட்டியவர்கள் இப்போது வருவதேன் என்று முகத்துக்கு நேரே கேட்டார். கேட்ட பிறகே விருந்து வைத்தார். நம்மில் பலர் கேட்பதோடு நின்றுவிடுகிறோம். நேரில் பேச இயலாவிடின், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபை உண்டு. அங்கு சட்டத்தரணி தேவையில்லை.

மறுநாட் காலையில் ஈசாக்கும் அபிமெலக்கும் ஆணையிட்டுச் சமாதானமாய்ப் பிரிந்தனர். அன்றே ஈசாக்கின் பணியாளர் வந்து, தாங்கள் தோண்டிய வேறொரு கிணற்றில் தண்ணீர் கண்டதாகச் சொன்னார்கள்.