யமுனையில் பெரிய படகு: குடும்பத்தோடு ஏறுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தில்லியில் 'போட் கிளப்' என்றால் நம்மவர்களுக்குப் படகு நினைவுக்கு வராது. ஒலிபெருக்கியும் கொடியும் ஊர்வலமும்தான் நினைவுக்கு வரும். 1988 அக்டோபரில் மகேந்திர சிங் திகாயத் தலைமையில் உத்தரப் பிரதேச விவசாயிகள் லட்சக்கணக்கில் வந்து அமர்ந்தது அங்கேதான். அந்த நாட்களில் அலுவலகம் போய்வரப் பட்ட பாட்டை மத்திய அரசு ஊழியர்களில் மூத்தவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள்.

படகுச் சவாரி என்ற பேச்சு வந்தால் தலைநகர்க் குடும்பங்களுக்கு நினைவில் இருப்பவை சில இடங்களே. இந்தியா கேட் பக்கத்துக் கால்வாய், புராணா கிலா மதில் நிழலில் மிதிபடகு ஓடிய ஏரி, குளிர்காலத்தில் காஷ்மீரி கேட்டுக்கு அருகே யமுனைத் துறை. அந்தத் துறையில் விடியற்காலையில் பனிமூட்டத்தின் நடுவே வெள்ளைக் கடற்பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். மரப்படகில் நாலைந்து பேர் ஏறிக்கொண்டு பறவைகளுக்குத் தீனி போட்டு வருவார்கள். படகோட்டி துடுப்புப் போடுவார். அவ்வளவுதான் தில்லியின் கப்பல் பயணம்!

இந்தச் சின்னப் படகு பெரிய படகாக வேண்டும் என்பது அரசின் திட்டம். 2025 மார்ச் 11 அன்று மத்திய உள்நாட்டு நீர்வழி ஆணையமும், தில்லி வளர்ச்சி ஆணையம், தில்லி ஜல போர்டு, பாசன வெள்ளக் கட்டுப்பாட்டுத் துறை, தில்லி சுற்றுலாக் கழகம் ஆகியவையும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. சோனியா விஹாரிலிருந்து ஜகத்பூர் வரை சுமார் 4 கிலோமீட்டர் தூரம் உல்லாசப் படகு விடுவது அதன் நோக்கம். மின்சாரத்திலும் சூரிய சக்தியிலும் ஓடக்கூடிய படகு. 20 முதல் 30 பேர் வரை அமரலாம். உயிர்காப்பு மேலங்கி உண்டு, கழிப்பறை உண்டு என்று அப்போது அறிவிக்கப்பட்டது.

ஏன் அந்த இடம்?

வரைபடத்தைப் பார்த்தால் விஷயம் விளங்கும். யமுனையின் குறுக்கே வஜீராபாதில் 1959ஆம் ஆண்டு கட்டப்பட்ட தடுப்பணை இருக்கிறது. அணைக்கு மேலே தேங்கும் தண்ணீரைத்தான் நகரின் குடிநீருக்கு எடுக்கிறார்கள். அணையைத் தாண்டியதும் நஜஃப்கட் சாக்கடை வந்து ஆற்றில் கலக்கிறது. அங்கிருந்து ஓக்லா வரை 22 கிலோமீட்டருக்கு யமுனை எப்படி இருக்கிறது என்று பாலத்தின் மேல் ரயிலில் போகிறவர்களைக் கேட்க வேண்டியதில்லை. ஜன்னல் பக்கம் இருப்பவர்கள் தாமாகவே மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். ஆகவே அணைக்கு மேற்புறத்தைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை. குடிநீர் எடுக்கும் இடத்தில் டீசல் எண்ணெய் சிந்தக் கூடாது என்பதால் மின்சாரப் படகு என்பதும் நியாயமே.

ஜகத்பூரிலிருந்து பிரயாக்ராஜ் சங்கமம் வரையுள்ள யமுனை, 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி 110ஆவது தேசிய நீர்வழி. காகிதத்தில் அதன் நீளம் 1,080 கிலோமீட்டர். இதில் முதல் 4 கிலோமீட்டரில் படகு விடுவதுதான் திட்டம். ஆற்றில் போக்குவரத்து என்பது தில்லிக்குப் புதிதும் அல்ல. ஓக்லாவில் தொடங்கும் ஆக்ரா கால்வாயில் 1874 முதல் 1904 வரை படகுகள் ஓடியிருக்கின்றன.

பெரிது என்றால் பத்திரமா?

குடும்பத் தலைவர்களில் பலர் ஒரு கணக்குப் போடுகிறார்கள். சின்னப் படகு ஆடும். பெரிய படகு ஆடாது. ஆகவே குழந்தை குட்டிகளோடு போகப் பெரிய படகே மேல். கேட்பதற்குச் சரியாகவே படும். ஆனால் தண்ணீர் இந்தக் கணக்கை எப்போதும் ஒப்புக்கொள்வதில்லை.

படகு கவிழாமல் நிற்பதற்கு அதன் அகலமும், சுமை எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்பதுமே முக்கியம். கட்டைவண்டியில் வைக்கோலை உயர ஏற்றினால் திருப்பத்தில் என்ன ஆகும் என்று கிராமத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். சின்னப் படகில் எல்லோரும் அடித்தட்டில் உட்காருகிறார்கள். பெரிய படகில் மாடி வைக்கிறார்கள். மாடியில்தான் காற்று வரும், காட்சி தெரியும் என்று எல்லோரும் அங்கேயே ஏறுகிறார்கள். சுமை உயரப் போகிறது.

இன்னொன்று. ஆளுக்கு 60 கிலோ என்று வைத்தாலும் 30 பேருக்கு 1,800 கிலோ. சரக்கு வண்டியில் மூட்டையை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டிவிடலாம். மனிதரைக் கட்ட முடியுமா? 'அதோ பார் பறவை' என்று ஒரு குரல் கேட்டால் போதும். ஏறத்தாழ இரண்டு டன் சுமை ஒரே நொடியில் ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். நான்கு பேர் படகில் நான்கு பேர்தான் நகர்வார்கள். முப்பது பேர் படகில் முப்பது பேரும் நகர்வார்கள். பெரிய படகின் ஆபத்து இதில்தான் இருக்கிறது.

பாடம் கற்பித்த விபத்துகள்

1915 ஜூலை 24 அன்று அமெரிக்காவின் சிக்காகோ நகரில் ஒரு தொழிற்சாலை ஊழியர்கள் மனைவி மக்களோடு உல்லாசப் பயணம் புறப்பட்டார்கள். கப்பலின் பெயர் ஈஸ்ட்லண்ட். அது கரையை விட்டுக் கிளம்பவே இல்லை. துறையில் நின்றபடியே ஒரு பக்கம் சாய்ந்து கவிழ்ந்தது. 844 பேர் மாண்டார்கள். டைட்டானிக் மூழ்கிய பிறகு, பாதுகாப்பை உத்தேசித்து அந்தக் கப்பலின் மேல்தளத்தில் உயிர்காப்புப் படகுகளைக் கூடுதலாக ஏற்றியிருந்தார்கள். ஏற்கெனவே தலைகனம் கொண்ட கப்பல் அதனால் மேலும் தலைகனம் பெற்றது. காப்பதற்கென்று வைத்த பாரமும் கவிழ்ப்பதற்குத் துணையாயிற்று.

நம் பக்கத்துக்கு வருவோம். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் இரண்டு தளம் கொண்ட 'ஜலகன்யகா' கவிழ்ந்தது. 45 பேர் இறந்தனர். அது ஓட்டை உடைசல் படகு அல்ல; புதிதாக விடப்பட்டது. கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாக நகர்ந்தபோது படகு சாய்ந்தது என்று செய்திகள் வந்தன.

2011 கிறிஸ்துமஸ் தினத்தில் பழவேற்காடு ஏரியில் உல்லாசமாகப் போன உறவினர் கூட்டத்தில் 22 பேர் மூழ்கினார்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் மாலை மங்கிய நேரத்தில் நடந்த விபத்திலும் 22 பேர் பலி. அவர்களில் பெரும்பாலோர் சிறுவர் சிறுமியர். ஒரே குடும்பத்தில் 11 பேர். தானூர்ப் படகின் கதை குறிப்பாகக் கவனிக்கத்தக்கது. மீன்பிடிக்க என்று கட்டிய படகை மாற்றி, மேலே ஒரு தளம் வைத்து, உல்லாசப் படகாக்கியிருந்தார்கள். 22 பேருக்கான இடத்தில் 37 பேர் ஏறியிருந்ததாகச் செய்திகள் கூறின. சின்னப் படகைப் பெரிதாக்குவது என்றால் மேலே தகரம் அடித்து நாற்காலி போடுவது என்று நினைத்ததன் விலை அது.

சரியாகச் செய்தவர்களும் உண்டு

அதே கேரளத்தில் நல்ல முன்மாதிரியும் இருக்கிறது. 2017 ஜனவரியில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 'ஆதித்யா' என்ற சூரிய சக்திப் படகு ஓடத் தொடங்கியது. 75 பேர் போகலாம். அதற்கு அடிப்பாகம் ஒன்றல்ல, இரண்டு. இரண்டு ஒடுக்கமான உடல்களைச் சற்று விலக்கி வைத்து மேலே தளம் போட்டிருக்கிறார்கள். அகலம் கிடைப்பதால் எளிதில் சாய்வதில்லை. இந்த வகைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் நம்முடைய 'கட்டுமரம்' என்ற சொல்லிலிருந்தே போனது என்பது தமிழர்களுக்கு ஒரு சிறு பெருமை.

2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோவும் இந்த வழியையே பின்பற்றியது. அங்கே 100 பேர் செல்லும் மின்சாரப் படகுகள். தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் கூடவே ஏறி இறங்கும் மிதவை மேடையிலிருந்து படகில் கால் வைக்கலாம். ஏறுகிறவர்களை எண்ணி அனுப்புகிறார்கள். பெரிய படகுக்குப் பெரிய துறை, பெரிய ஒழுங்கு எல்லாம் சேர்ந்தே வர வேண்டும் என்பதற்கு இது அடையாளம்.

யமுனையின் குணம்

தில்லியில் இன்னொரு சங்கடம் உண்டு. யமுனை ஆண்டு முழுவதும் ஒரே போக்கில் இராது. கோடையில் நீர் வற்றி மணல் திட்டுகள் தலைகாட்டும். மழைக்காலம் கழிந்தால் திட்டுகள் இடம் மாறியிருக்கும். துடுப்புப் படகு முழங்கால் ஆழத்திலும் ஊர்ந்து போய்விடும். பெரிய படகு அடிதட்டி நின்றுவிடும். ஆழம் வேண்டுமென்றால் தூர்வார வேண்டும். ஒரு தரம் அல்ல, ஆண்டுதோறும்.

மழைக்காலத்திலோ நிலைமை தலைகீழ். 1866இல் கட்டிய பழைய ரயில்வே பாலத்தில் 205.33 மீட்டர் என்பது அபாய அளவு. 2023 ஜூலை 13 அன்று வெள்ளம் 208.66 மீட்டர் வரை ஏறியது. 1978ஆம் ஆண்டு வெள்ளத்தின் 207.49 மீட்டர் சாதனை அதற்கு முந்தைய நாளே முறிந்திருந்தது. அப்படிப்பட்ட நாட்களில் படகை எங்கே கட்டுவது, யார் காப்பது என்பதற்கும் முன்கூட்டியே விடை இருக்க வேண்டும்.

படகோட்டிகளின் கதி

துறைகளில் துடுப்புப் போடும் குடும்பங்களையும் மறக்கலாகாது. தலைமுறை தலைமுறையாக ஆற்றோடு வாழ்கிறவர்கள் அவர்கள். எங்கே ஆழம், எங்கே சுழல், எங்கே மணல் என்பது அவர்களுக்கு மனப்பாடம். வெள்ளம் வந்தால் கரையோரக் குடிசைவாசிகளை மீட்கவும், ஆற்றில் விழுந்தவர்களைத் தேடவும் காவல் துறையினர் நாடுவது இத்தகைய படகோட்டிகளையும் முக்குளிப்போரையுமே. பெரிய படகு வந்தால் சிறு படகுக்குச் சவாரி குறையும். அவர்களில் தகுதியுள்ளவர்களுக்குப் பயிற்சியும் உரிமமும் கொடுத்துப் பெரிய படகிலேயே வேலை தந்தால் அவர்கள் வயிறும் வாடாது, பயணிகளுக்கும் பத்திரம்.

குடும்பத்தினர் கவனத்துக்கு

1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2021இல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்துவிட்டது. இயந்திரப் படகுக்குப் பதிவு, சோதனை, காப்பீடு எல்லாம் கட்டாயம். சட்டம் தன் கடமையைச் செய்யட்டும். பயணிகள் செய்ய வேண்டியவையும் சில உண்டு.

படகில் எத்தனை பேருக்கு அனுமதி என்று எழுதியிருக்கிறதா என முதலில் பாருங்கள். எழுதியிராவிட்டால் ஏற வேண்டாம். எழுதியிருந்தால் தலைகளை எண்ணுங்கள். கைக்குழந்தையும் ஒரு தலைதான். உயிர்காப்பு மேலங்கி இருக்கைக்கு அடியில் இருப்பது போதாது. கரையிலேயே உடுத்துக்கொண்டு ஏற வேண்டும். குழந்தைகளுக்குத் தக்க அளவில் இருக்கிறதா என்று கேளுங்கள். மாடி இருந்தாலும் கீழ்த்தளத்தில் அமருங்கள். புகைப்படத்துக்காக எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து நிற்காதீர்கள். பொழுது சாய்ந்த பின் போகாதீர்கள். நூறு, இருநூறு ரூபாய் கொடுத்துவிட்டோமே என்று தயங்கித்தான் பலர் கூட்டத்தோடு கூட்டமாக ஏறிவிடுகிறார்கள். அந்தப் பணம் போனால் போகட்டும்.

ஆடிப் பதினெட்டன்று காவிரிக் கரையில் சித்திரான்னம் சாப்பிட்ட நினைவோடு தலைநகரில் காலம் கழிக்கும் நம் குடும்பங்களுக்கு, ஆற்றில் ஒரு நல்ல படகு என்பது ஆசைப்படத் தக்கதே. படகு பெரிதாகட்டும். அதோடு துறையும் ஒழுங்கும் நம் எச்சரிக்கையும் பெரிதாக வேண்டும். காலையில் ஐந்து பேராகப் புறப்பட்ட குடும்பம் மாலையில் ஐந்து பேராகவே வீட்டு வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். படகு நல்ல படகுதானா என்பதற்கு அதுவே சான்று.