காட்டு வாத்தின் மாமிசத்தில் காணும் அரிசி மணிகள்

வட அமெரிக்காவில் காட்டு வாத்துகளை வேட்டையாடுவோர், தோலை உரித்தவுடன் மார்புத் தசையில் அரிசி மணிகளைப் போன்ற வெண்மையான பொருள்கள் நெடுக்காகப் பதிந்திருப்பதைக் கண்டு திகைப்பதுண்டு. இவை புழுக்கள் அல்ல. 'சார்க்கோஸிஸ்டிஸ் ரைலி' என்னும் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுயிர்கள் அடங்கிய பைகளாகும். இதற்கு 'ரைலி' என்னும் பெயரை 1893-ஆம் வருஷத்தில் இட்டவர் ஸ்டைல்ஸ் என்னும் விஞ்ஞானி.

துர்நாற்றத்துக்குப் பேர்போன ஸ்கங்க் என்னும் கோடுள்ள பிராணி, நோயுற்ற வாத்தைத் தின்றால், ஒட்டுயிர் அதன் குடலில் பெருகி மலத்துடன் வெளிப்படுகிறது. அம்மலம் கலந்த நீரையோ இரையையோ உட்கொள்ளும் வாத்துக்கு நோய் தொற்றுகிறது. வாத்திலிருந்து வாத்துக்கு இது நேராகப் பரவுவதில்லை. பைகள் கண்ணுக்குப் புலனாகப் பல மாதங்கள் செல்லுமாதலால், இளம் வாத்துகளில் அவற்றைக் காண்பது அரிது.

இவ்வொட்டுயிர் மனிதரைப் பற்றுவதாகத் தெரியவில்லை. நன்றாக வேகவைத்தால் அது மடிந்துவிடும். எனினும் மணிகள் மிகுந்த மாமிசம் பார்வைக்கு அருவருப்பாயிருப்பதால், பலர் அதை எறிந்துவிடுகின்றனர். ஜாக்கிரதை வேண்டுவது இங்கேதான். வெளியில் எறிந்த மாமிசம் ஸ்கங்குக்கு இரையானால், அடுத்த பருவத்து வாத்துகளுக்கும் நோய் தயாராகிறது. ஆகையால் அதை எரித்துவிடுவதோ ஆழப் புதைப்பதோ நலம். நாய், பூனைகளுக்குப் பச்சையாக இடலாகாது.